மூத்தவள் விழும் நேரம் பதினொன்றே கால்

"நீ யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு மட்டும் நெனைச்சுக்காதே. தெனமும் பதினொன்னே காலுக்குத் தேடற பொட்டியில ஒண்ணுமே எழுதாம பொத்தானை அமுக்கறே. எல்லாத்தையும் காட்டுங்கறே. காட்டினாலும் பத்தாதுன்னு கடைசிப் பக்கத்துக்குப் போறே. உன்னாலதான் மூத்தவ விழுகறா, உன்னாலதான் ஒரு குடும்பம் சந்தி சிரிக்குது. ஆம்பளையோ பொம்பளையோ, பட்டறைக்காரனோ பஸ்ஸுல வந்து எறங்கினவனோ, மரியாதையா என்ற முன்னால வந்து நில்லு."

ஆட்டோவின் தலையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் இப்படிக் கத்திக்கொண்டு பாவாயி பட்டறைமேட்டின் நாலு தெருவையும் மூன்றாவது தடவையாகச் சுற்றி வந்தபோது, கேஸ் வெட்டுக்காரர்கள் லாரிக் கூண்டுகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள், சுத்தியல்காரர்கள் நெளிந்த தகட்டை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. அந்த ஊரில் மழையைவிட அடிக்கடி வருவது பாவாயியின் கோபம். மழைக்காவது கொடியில் கிடக்கும் துணியை எடுப்பார்கள்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், கிழட்டு லாரிகள் கடைசியாக வந்து நிற்கிற ஊர் அது. காஷ்மீர் வரை போய் வந்த வண்டியானாலும் இங்கே வந்தால் ஒரே வாரத்தில் இஞ்சின் ஒரு கடைக்கும், கியர் பெட்டி ஒரு கடைக்கும், அச்சு ஒரு கடைக்கும், ஓட்டுநர் ஒட்டிவைத்த சாமி படம் டீக்கடைக்கும் என்று பிரிந்து போய்விடும். மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு கடை, நாற்பத்திரண்டு லட்சம் உருப்படி. பாவாயி அந்த ஊருக்கு வாழ வந்தபோது அவளிடம் இருந்தது ஒரு கயிறும் அதன் நுனியில் ஒரு காந்தமும்தான். காந்தத்தைத் தெருப் புழுதியில் இழுத்துக்கொண்டே நடந்து, ஒட்டியதையெல்லாம் நட்டு வேறு போல்ட்டு வேறாகப் பிரித்து விற்று, கடை பிடித்து, கடையைப் பெரிசாக்கி, வியாபாரிகள் சங்கத்துக்கே தலைவியாக வந்து உட்கார்ந்தவள். சொன்ன விலையைச் சொன்னபடி கொடுத்த பாவத்தை அவள் ஒருநாளும் செய்ததில்லை. பிரசவ வலியில் படுத்துக்கொண்டே நர்சம்மாவிடம் மூன்று நாள் அறை வாடகையை இரண்டு நாளாக்கியவள்.

நாற்பத்திரண்டு லட்சம் உருப்படியையும் ஒரே இடத்தில் தேட வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தபோது, மார்த்தாண்டத்துப் பக்கமிருந்து ஞானதாஸ் வந்தார். நாற்பத்தைந்து வயது, பாதி வழுக்கை, எதற்கும் அவசரப்படாத ஆள். இவ்வளவும் ஒரு மெஷின் தலையில் அடங்காது என்று ஏழு மெஷினுக்குப் பிரித்துக் கொடுத்து, ஏழையும் பழைய நெல் குடோனில் வரிசையாக நிறுத்தினார். ஒருத்தி விழுந்தால் அவள் சுமையை மற்றவர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று அவர் சொன்ன மாத்திரத்தில், ஏரிக்கரையில் ஏழு கல்லாக நிற்கிற கன்னிமார் பெயரே இவர்களுக்கும் ஆகிவிட்டது. ஆறு பேருக்கு மஞ்சள் துணி கட்டினார்கள், மூத்தவளுக்குச் சிவப்பு.

விலைப் பேச்சில் பாவாயி துண்டைப் போட்டாள். மாட்டுச் சந்தையில் செய்வது போல இரண்டு கையையும் துண்டுக்கடியில் மறைத்து விரலைப் பிடித்துத்தான் அவள் யாரிடமும் பேசுவாள். ஞானதாஸுக்கு அந்த விரல் கணக்குத் தெரியாது, ஆகவே தோற்றுக்கொண்டே வந்தார். முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தனித்தனி கடவுச்சொல் என்றார்; ஊருக்கே ஒன்று போதும் என்று அதைக் கழித்தாள். நூறாவது பக்கத்துக்கு மேல் யாரும் போகாதபடி ஒரு தடை வைக்க வேண்டும் என்றார்.

"தடை எதுக்குங்க தம்பி, இங்க என்ன மாடா மேயுது? அதை எடுத்துப்போட்டு வெலையைக் கொறைங்க."

"அக்கா, பொறவு வருத்தப்படுவிய."

"வருத்தத்துக்கு நான் தனியா ஒண்ணும் தர்றதில்லை. கொறைங்க."

குறைத்தார்.

இனி அந்த ஊரின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பழி முழுக்க மெஷின் மேல் போய்விடும். பட்டறைமேட்டில் எவனும் தனக்கு என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லமாட்டான். சொன்னால் விலை ஏறும். பிரேக் டிரம் வாங்க வந்தவன் வானத்தைப் பார்ப்பான், பம்பரைத் தட்டிப் பார்ப்பான், "சும்மா வந்தேனுங்க, இருக்கறதையெல்லாம் காட்டுங்க" என்பான். நல்ல சரக்கைக் கடைக்காரன் எப்போதும் கடைசியில்தான் ஒளித்து வைப்பான் என்பதால் கொல்லைப்புறம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் டிரம்மைக் காலால் நெம்பி, "இந்த ஓட்டை என்ன வெல?" என்பான். இந்த வழக்கம் முன்னூற்றுப் பன்னிரண்டு கடைக்காரர்களோடும் தேடல் பெட்டிக்குள் புகுந்தது. பெட்டியில் ஒருத்தரும் ஒன்றும் எழுதவில்லை. எல்லாவற்றையும் காட்டச் சொன்னார்கள், நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்கள்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் ஊரே ஒரே நேரத்தில் அப்படிக் கேட்டது, மூத்தவள் விழுந்தாள். விசிறி நின்றது, பச்சை விளக்கு அணைந்தது, தாங்க மாட்டாமல் அவள் தலையிலிருந்து வழிந்த ஆறு லட்சம் உருப்படியும் குடோன் ஜன்னல் வழியாக வெளியே வந்து, தெருவைக் கடந்து, ரங்கண்ணன் டீக்கடை பெஞ்சில் மோர்த் தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பீடி பற்றவைத்த பாவாயியின் வீட்டுக்காரர் தலையில் இறங்கின. அவள் சுமை இரண்டாமவள் மேல் ஏற, அவளும் விழுந்து, அவளுடையது ரங்கண்ணன் தலையில் இறங்கியது. மூன்றாமவளுடையது அழகு நிலையம் வைத்திருக்கிற சொர்ணத்தின் தலையில். நாலாமவளுடையது பூசாரி தலையில். இப்படியே ஏழு பேர் விழுந்து ஏழு தலை நிறைந்தபோது மணி பன்னிரண்டு ஆகியிருக்கவில்லை.

பாவாயியின் வீட்டுக்காரர் பெயரை அவள் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை, அந்தப் பக்கத்தில் அதுதான் முறை. அவள் சொல்லாததை இந்தக் கதையும் சொல்லாது. கடை பிடித்த நாள் முதல் தினமும் காலை பதினொன்றே காலுக்கு அவர் வீட்டிலிருந்து மோர் கொண்டுவந்து கடையில் வைப்பார், உப்பு கூடுதல் என்பாள், இல்லை என்பார், பத்து நிமிஷம் சண்டை நடக்கும், தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு போவார். அன்றைக்கு மோர் வரக்காணோமே என்று பாவாயி டீக்கடைக்கே போனாள்.

"ஏனுங்க, மோர் இன்னும் கடைக்கு வரலீங்களே?"

அவர் எழுந்து நின்று கும்பிட்டார். "வாங்கம்மா. எந்த வண்டிக்குங்க?"

ஊர் இதற்கு ஒன்றும் பதறிப்போகவில்லை. ஏழு தலையில் சரக்குக் கணக்கு இறங்கிவிட்டது, சரி, மெஷின் எழுகிற வரைக்கும் ஏழு பேரிடமும் கேட்டுக்கொள்ளலாம் என்று சாயந்திரத்துக்குள் சங்கம் ஒரு பலகை எழுதி மாட்டிவிட்டது: முன் அச்சு, பின் அச்சு டீக்கடை பெஞ்சு, இஞ்சின் சாமான் டீக்கடை அடுப்பு, கண்ணாடி, விளக்கு அழகு நிலையம், கிளச் கோயில். புருவம் திருத்திக்கொண்டே சொர்ணம் முகப்பு விளக்கு இருக்கிற இடம் சொன்னாள். பூசாரி அர்ச்சனையில் கோத்திரத்துக்குப் பதிலாக கிளச் தகட்டு நம்பரைச் சொன்னார், லாரிக்காரர்களுக்கு அதில் மிகுந்த திருப்தி. வெளியூர் ஆட்கள் இரண்டு பஸ் பிடித்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனால் தலை என்ன, குடோனா? புதிதாக ஆறு லட்சம் ஏறினால் பழையதில் ஏதாவது இறங்க வேண்டும். ரங்கண்ணன், தனக்கும் மாமியாருக்கும் பதினாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பதை மறந்துபோய், போய் அழைத்து வந்து வீட்டில் வைத்துக்கொண்டார். மாமியாருக்கு நம்பவும் முடியவில்லை, வராமல் இருக்கவும் முடியவில்லை. சொர்ணம் தன் வயதை மறந்து ஒன்பது வருஷம் குறைத்துச் சொன்னாள், இதுவும் மறதியில் சேர்த்திதானா என்று ஊரில் இரண்டு கருத்து இருந்தது. பூசாரி மந்திரத்தை மறந்தார், அதை யாரும் கவனிக்கவில்லை. மறக்க வேண்டிய விஷயம் வைத்திருந்தவர்கள் சிலர் நம் தலையிலும் கொஞ்சம் இறங்காதா என்று குடோன் ஜன்னலுக்குக் கீழே துண்டு விரித்து வரிசையில் உட்கார ஆரம்பித்தார்கள், வரிசையில் இடம் பிடிக்கச் செருப்பை விட்டுப் போனார்கள். அவர்கள் தலையில் ஒன்றும் இறங்கவில்லை. எல்லாம் அந்த ஏழு தலைக்குத்தான் போனது.

நிறைந்த தலைக்காரர்கள் வழி தவறக்கூடாது என்று சங்கம் ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிச் சட்டைப் பையில் வைத்தது. பாவாயியின் வீட்டுக்காரருக்கு எழுதும்போது சங்கத்துக் கணக்கர் பெயர் கேட்டார். பாவாயி வாயைத் திறக்கவில்லை. கணக்கருக்கு அவள் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லத் தைரியம் இல்லை. கடைசியில் "பாவாயி ஊட்டுக்காரர்" என்று எழுதிப் பையில் செருகினார். அன்று முதல் அவர் அந்தச் சீட்டை எடுத்து எடுத்துப் படித்து, வருகிற லாரிக்காரர்களிடமெல்லாம் கேட்டார். "ஏனுங்க, இந்தப் பாவாயிங்கறது யாருங்க? பொம்பளையாட்டத் தெரியுது."

பாவாயியிடமும் கேட்டார். அவள், "தெரியாதுங்க" என்றாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் வீட்டுக்குப் போய் அன்றைக்கு அவள் சோறு திங்கவில்லை.

ஞானதாஸ் மூன்று நாள் குடோனிலேயே கிடந்து நோய் என்ன என்று பார்த்தார்.

"கேட்டியளா அக்கா. கடைசிப் பக்கத்தைக் காட்டணும்னா அதுக்கு முன்ன உள்ள எல்லாப் பக்கத்தையும் தலையில ஏத்தி வரிசைப்படுத்தணும். ஏழு பேரும் அவங்கவங்க பங்கை வரிசையாக்கி மூத்தவ மடியில கொட்டுதாவ. சேத்து அடுக்குதது அவ ஒருத்தி. அதான் மொதல்ல அவ விழுதா. அவ சுமை அடுத்தவ மேல, அது அதுக்கடுத்தவ மேல."

"மருந்து சொல்லுங்க தம்பி."

"நீங்க வெலையில கழிச்சிய பாத்தியளா, அந்தத் தடைதான் மருந்து. ஆனா இப்ப வைக்க முடியாது. மூத்தவ ஒரு நாள் முழுக்க, இருபத்திநாலு மணி நேரமும் விழாம நிக்கணும். அப்பத்தான் அதை அவ மேல ஏத்த முடியும். இன்னொண்ணும் பாத்துட்டேன். ஒருத்தி முழு நாள் நின்னா, அவகிட்டேருந்து வழிஞ்சது தலையில இருந்து அவகிட்டயே திரும்பிருது. தலைக்காரருக்குப் பழசும் வந்துருது."

"ஒரு நாள் பூட்டிப் போட்டிருங்க."

"கெடக்கிறவகிட்ட எது திரும்பிப் போகும்? நிக்கணும் அக்கா. நின்னுகிட்டே, தேடுதவங்களுக்குப் பதில் சொல்லிகிட்டே."

ஆகவே சங்கம் ஏரிக்கரையில் கூடி, ஏழு கல்லுக்கு முன்னால் முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள், இனிமேல் வேண்டியதை எழுதித்தான் கேட்போம் என்று. அந்த ஊருக்கு அதைவிடக் கூச்சமான காரியம் இருந்ததில்லை. மறுநாள் போனைத் துண்டால் மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஒவ்வொருத்தரும் தனக்கு வேண்டியதை எழுத்தெழுத்தாக எழுதினார்கள். பாவாயி பழைய நினைவகச் சில்லுகளையும் எங்கிருந்தோ பேரம் பேசி வாங்கி வந்து ஏழு பேருக்கும் பிரித்து மாட்டச் சொன்னாள். ஆறு பேர் நிமிர்ந்து நின்றார்கள். ஒரே நாளில் ஆறு தலையும் காலியாகி, பழையதெல்லாம் வந்து சேர்ந்தது. ரங்கண்ணன் காலையில் கண் விழித்து மாமியாரைப் பார்த்தார், மத்தியானத்துக்குள் அந்த அம்மாளுக்கு பஸ் ஏற்றிவிட்டார்.

மூத்தவள் மட்டும் நிற்கவில்லை. எழுப்பி நிறுத்தினால் நிற்பாள், ராத்திரி முழுக்க நிற்பாள், காலையில் நன்றாகத்தான் இருப்பாள், பதினொன்றே காலுக்கு டப்பென்று விழுவாள்; கூடுதல் சில்லு இருந்ததால் அவள் சுமையை மற்ற ஆறு பேரும் தாங்கிக்கொண்டார்கள். யாரோ ஒருத்தர் மட்டும் சத்தியத்தை மீறுகிறார்கள். பெட்டியில் ஒன்றும் எழுதுவதில்லை, கடைசிப் பக்கம் போகாமல் விடுவதுமில்லை. ஊர் முழுக்க ஒரே கடவுச்சொல், ஆகவே ஆள் யாரென்று மெஷினுக்கும் தெரியவில்லை. கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தார்கள், அப்படியும் விழுந்தாள். மறுபடி மாற்றி, ஞானதாஸைத் தவிர யாருக்கும் சொல்லாமல் வைத்தார்கள், அப்படியும் விழுந்தாள்.

அப்போதுதான் பாவாயி ஆட்டோவைப் பிடித்துக் குழாயைக் கட்டியது. மூன்று நாள் கத்தினாள். யாரும் வந்து முன்னால் நிற்கவில்லை. கேஸ் வெட்டுகிற கருப்பண்ணன் மட்டும் ஒரு தடவை, "அக்கா, ஒரு மடக்கு சுடுதண்ணி குடிச்சுப்போட்டுத் திட்டுங்க, தொண்டை கட்டிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாலாம் நாள் ஞானதாஸ் அவளைக் குடோன் வாசலுக்குக் கூப்பிட்டார். கையில் மெஷின் அச்சடித்த தேடல் பதிவுச் சீட்டு, முகத்தில் எப்போதும் இல்லாத ஒரு தயக்கம்.

"அக்கா, நான் சொல்லுதேன், கோவப்படக் கூடாது. கடவுச்சொல்லை நாம எங்க வைக்கோம்? மூத்தவகிட்ட. மூத்தவ ஒரு தடவை விழுந்து வழிஞ்ச பொறவு, அவகிட்ட புதுசா வைக்கதெல்லாம் எங்க போவுது?"

பாவாயி அவர் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"நாம எதை மாத்தினாலும், மாத்தினது ஒரே ஒரு தலைக்குத்தான் போவுது. அந்த ஆளு கடைசிப் பக்கத்துக்குப் போயி நாலு நிமிசம் நிக்காரு. ஒண்ணும் எடுக்கல, ஒண்ணும் கேக்கல. பாத்துகிட்டே நிக்காரு. அதுக்குள்ள மூத்தவ விழுந்துருதா."

பாவாயி திரும்பி எதிர்ச்சாரி டீக்கடையைப் பார்த்தாள். மணி பதினொன்று அடித்திருந்தது. அவள் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒருத்தருக்குப் பின் அச்சு இருக்கிற இடத்தைச் சொல்லி அனுப்பிவிட்டு, இருப்புக் கொள்ளாமல் எழுந்தார், உட்கார்ந்தார், பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்தார், வலது கையை விரித்து மடக்கினார், வாளிப் பிடி பிடிக்கிற மாதிரி. கையில் எதுவோ இல்லை என்பது கைக்குத் தெரிந்திருந்தது. அது எது என்று தலைக்குத் தெரியவில்லை. பேர் தெரியாததை எப்படிப் பெட்டியில் எழுதுவது? ஆகவே அவர் போனை எடுத்தார்.

ஊரையே மூன்று நாள் திட்டித் தீர்த்தவளுக்கு அந்தத் தெருவின் இருபதடி அகலத்தைக் கடக்கக் கால் வரவில்லை. தடையைக் கழித்தது யார், தனித்தனி கடவுச்சொல்லைக் கழித்தது யார் என்று ஒரு கணக்கு அவள் நெஞ்சுக்குள் ஓடியது. அந்தக் கணக்கில் அவள் ஒருத்திதான் பாக்கி நின்றாள். பிறகு வாசலில் நின்ற ஆட்டோவிலிருந்து ஒலிவாங்கியை அதன் நீள ஒயரோடு இழுத்து, அது ஓடிக்கொண்டிருக்கிறதா அணைந்திருக்கிறதா என்று பார்க்காமலே கையில் பிடித்தபடி போய் பெஞ்சில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தோள் துண்டை எடுத்து நடுவில் விரித்தாள். அந்த ஊர்க்காரராயிற்றே, அவர் போனை மடியில் வைத்துவிட்டுத் தானாகக் கையைத் துண்டுக்கடியில் நீட்டினார். அவள் அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள்.

"ஒண்ணுங்களா?" என்றார். "எதுலீங்க ஒண்ணு?"

"ஒரு நாள். நீங்க கேக்காம இருக்கோணும்."

அவர் அவள் விரலைப் பாதியில் மடக்கினார். "அரை நாளுங்க."

"ஒரு நாள்."

"முக்கால்."

"ஒரு நாள்."

ஒலிபெருக்கியில் ஊரே இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. கேஸ் வெட்டுக்காரர்கள் ஒவ்வொருத்தராகச் சுடரை அணைத்தார்கள். சுத்தியல் சத்தம் நின்றது.

"அம்மா, நீங்க எறங்கவே மாட்டீங்களாட்டிருக்குது," என்றார் அவர். "சரி, உங்களுக்கு என்னதான் வேணும்? அதை மொதல்ல சொல்லுங்க."

அந்த ஊரில் யாரிடமும் கேட்கக்கூடாத கேள்வி அது. பாவாயி வானத்தைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த டீ கிளாஸைத் தட்டிப் பார்த்தாள். அப்புறம், காந்தத்தை இழுத்துக்கொண்டு நடந்த காலத்திலிருந்து ஒரு மனிதரிடமும் செய்யாத காரியத்தைச் செய்தாள்.

"மோர்," என்றாள். "பதினொன்னே காலுக்கு. உப்பு கூடுதலாப் போட்டது."

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆறு லட்சம் உருப்படியையும் ஒரு தடவை சுற்றி வந்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"இல்லீங்கம்மா," என்றார். "என்ற தலையில அது இல்லீங்க. அப்படி ஏதோ ஒண்ணைத்தான் தெனமும் தேடறேனோ என்னமோ. நல்லதையெல்லாம் கடைசியிலதான வெப்பாங்க. அதான் கடைசி வரைக்கும் போய்ப் பாக்கறேன்."

டீக்கடைக் கடிகாரத்தில் பதினொன்று பதினாலு. அவருடைய இடது கட்டைவிரல் மடியிலிருந்த போனின் மேல் போய் நின்றது, வலது விரல் துண்டுக்கடியில் அவள் பிடியிலேயே இருந்தது.

"பதிலுக்கு நீங்க என்னங்க தருவீங்க?" என்றார்.

"பாவாயி யாருன்னு கேட்டுட்டுத் திரியறீங்களே, காட்டறேன்."

கட்டைவிரல் அழுத்தாமல் நின்றது. "இப்பவே காட்டுங்களேன்."

"இல்லை. நாளைக்கு," என்றாள் பாவாயி. குரல் நாலு தெருவுக்கும் போனது, இந்தத் தடவை கத்தவில்லை. "இத்தனை நாளா ஊரைக் கூட்டி யாரை வையறேன்னு தெரியாமயே வஞ்சேன். நீங்கதானுங்க அது. கழிச்சது நானு, இல்லைங்கல. ஆனா விழுத்தாட்டறது நீங்க. அந்தக் கட்டைவெரலை எடுங்க. எல்லாத்தையும் கேட்டது போதும். இன்னைக்கு ஒண்ணும் கேக்காதீங்க, மூத்தவ நிக்கட்டும். நாளைக்குப் பதினொன்னே காலுக்கு என்ற கடையில மோர் வந்தாகோணும். உப்பு எப்படியிருந்தாலும் நான் கூடுதல்னுதான் சொல்லுவேன், நீங்க இல்லைன்னு சொல்லோணும். கெடுத்தது நீங்க, நீங்களே வந்து சரி பண்ணுங்க."